சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் ரிசர்ச்சுக்கு வர்ற பிள்ளைங்களும் அவங்களுக்கு வழிகாட்டுறவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவுல டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோபர்க் பக்கம் இருக்குற தமிழ்க்காரங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்கள ஒரே எடத்துல எழுதிருக்கேன். கேக்குறவங்க ஹானர்ஸ் (டிகிரிக்கு அப்புறம் வர்ற ஒரு வருஷப் படிப்பு) படிக்கிற பிள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, அப்புறம் இப்பதான் சூப்பர்வைஸ் பண்ண ஆரம்பிச்ச லெக்சரருங்க. நான் டர்பன்ல சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ், ஹானர்ஸ் பிள்ளைங்களுக்கு சூப்பர்வைசரா இருக்கேன், அந்த அனுபவத்துலேர்ந்துதான் பதில் சொல்றேன்.

அக்கா, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்ல ரிசர்ச்னா என்ன? புது ஆப் செய்யறதா?

ஆப் செய்யறது ப்ராஜெக்ட். ரிசர்ச்னா சாஃப்ட்வேர் எப்படி உருவாகுது, ஏன் உடையுது, அத எழுதுற மனுஷங்க எப்படி வேலை பாக்குறாங்க, இதுல யாருக்கும் இன்னும் சரியா தெரியாத ஒரு விஷயத்த ஆதாரத்தோட கண்டுபிடிக்கிறது. இந்தத் துறையோட பேரு பரவுனதே 1968ல ஜெர்மனியில கார்மிஷ்ல நேட்டோ நடத்துன மாநாட்டுக்கு அப்புறம்தான். 1975லேர்ந்து ஐசிஎஸ்இன்னு இந்தத் துறையோட பெரிய சர்வதேச மாநாடு நடந்துட்டு வருது, 2010ல அது நம்ம கேப்டவுனுக்கே வந்துச்சு.

ஒரு உதாரணம் சொல்றேன். 2014ல ஒரு குழு கிட்ஹப்ல (ப்ரோகிராமருங்க கோட்ட போட்டு வைக்கிற வெப்சைட்) 729 ப்ராஜெக்ட், 17 ப்ரோகிராமிங் லாங்குவேஜ் எடுத்து, எந்த லாங்குவேஜ்ல எழுதுனா பக் (கோட்ல வர்ற தப்பு) அதிகமா வருதுன்னு பாத்தாங்க, 11 லாங்குவேஜுக்கு சம்பந்தம் இருக்குன்னு சொன்னாங்க, அத ஊரே பேசிச்சு. அப்புறம் இன்னொரு குழு அதே டேட்டாவ எடுத்து ஒவ்வொரு படியா மறுபடி செஞ்சு பாத்து 2019ல எழுதுனாங்க: நாலு லாங்குவேஜுக்குத்தான் சம்பந்தம் நிக்குது, அதுவும் ரொம்ப ரொம்ப சின்னது. என் பிள்ளைங்க எல்லாருக்கும் மொத மாசமே இந்த ரெண்டையும் சேத்து படிக்கக் குடுப்பேன். பெரிய எடத்துல அச்சான விஷயத்தையும் மறுபடி கேக்கலாம், கேக்கணும்னு அதுல தெரியும். புதுசா வர்றவங்களுக்கு மொத வேலையா இந்த மாதிரி மறுபடி செஞ்சு பாக்குறது ரொம்ப நல்லது, ஏன்னா கேள்வி ரெடியா இருக்கு, முறைய மட்டும் கத்துக்கிட்டா போதும்.

டிகிரி முடிச்சா வேலைக்குப் போன்னு வீட்ல சொல்றாங்க. மாஸ்டர்ஸ் பண்றது வேஸ்டா?

வீட்ல சொல்றதுக்கு காரணம் இருக்கு, அத புரிஞ்சுக்கணும். இங்க நாலஞ்சு தலைமுறையா இருக்குற குடும்பத்துல தாத்தா பாட்டி காலத்துல, இனப்பாகுபாட்டு ஆட்சி நடந்தப்போ, இந்தியப் பிள்ளைங்களுக்குன்னு 1961ல டர்பன் துறைமுகத்துல இருக்குற சாலிஸ்பரி தீவுல தனியா ஒரு காலேஜ் வச்சாங்க, விரும்புன எடத்துல போயி படிக்க முடியாது. அந்த காலேஜ்தான் பின்னாடி டர்பன்-வெஸ்ட்வில் யுனிவர்சிட்டியா ஆகி, 2004ல நேட்டால் யுனிவர்சிட்டியோட சேந்து இப்ப இருக்குற குவாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டியா ஆச்சு. அவ்ளோ கஷ்டத்துல படிச்சு வந்தவங்களுக்கு சம்பளம் வர்ற வேலைதான் பாதுகாப்பா தெரியும். ஊர்லேர்ந்து ஐடி வேலைக்கு வந்து செட்டில் ஆனவங்களுக்கும் இதே நெனப்புதான், விசா கவலை வேற.

வழி இதுதான்: மூணு வருஷ டிகிரி, ஒரு வருஷம் ஹானர்ஸ், அப்புறம் மாஸ்டர்ஸ், அதுக்கு மேல பிஎச்டி. என்எஸ்எஃப்ஏஎஸ் (அரசாங்கத்தோட மாணவர் உதவித்தொகை) காச நம்பி ஹானர்ஸுக்கு வராதீங்க, அது மொத டிகிரிக்கானது. ஹானர்ஸ்லேர்ந்து என்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி நிதியம்) ஸ்காலர்ஷிப் இருக்கு, அதுக்கு வயசு வரம்பு உண்டு, பெரும்பகுதி குடியுரிமையோ பெர்மனென்ட் ரெசிடென்ஸோ இருக்குறவங்களுக்குத்தான் போகும், அப்ளிகேஷன் முந்தின வருஷமே போடணும். இந்தத் தேதிய கோட்ட விட்டுட்டு பிப்ரவரில வந்து நிக்கிற பிள்ளைங்கள பாத்தா எனக்கு மனசு தாங்காது. ஜூன் மாசமே யுனிவர்சிட்டி ரிசர்ச் ஆபீஸ்ல போயி கேளுங்க.

வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைம்ல மாஸ்டர்ஸ் பண்றதும் இங்க சகஜம். உம்லாங்கால வேலை, சாயந்தரம் ரிசர்ச்னு ஓட்டுறவங்க நெறய பேர். முடியும், ஆனா வாரத்துல ஒரு முழு நாளாவது முதலாளி குடுக்கணும், இல்லன்னா இழுத்துட்டே போகும்.

சூப்பர்வைசர எப்படி தேடுறது?

பேர பாக்காதீங்க, அவங்ககிட்ட இப்ப படிக்கிற பிள்ளைங்கள பாருங்க. அவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க: எத்தன நாளைக்கு ஒரு தடவ மீட் பண்றீங்க, நீங்க அனுப்புற டிராஃப்ட் எவ்ளோ நாள்ல திரும்பி வருது, கடைசியா முடிச்சவங்க எவ்ளோ வருஷத்துல முடிச்சாங்க. இந்த மூணுக்கும் தயங்காம பதில் வந்தா போங்க. டிபிஎல்பில (கம்ப்யூட்டர் துறை பேப்பருங்களோட ஆன்லைன் பட்டியல்) பேர போட்டா என்ன எழுதிருக்காங்கன்னு வரும், கடைசி மூணு வருஷத்துல எழுதுனதுல ஸ்டூடன்ட் பேரு மொதல்ல இருக்கான்னு பாருங்க.

மொத மெயில் சின்னதா இருக்கட்டும். "உங்க எல்லா வேலையும் எனக்கு ரொம்ப பிடிக்கும்"னு எழுதுனா யாரும் படிக்க மாட்டாங்க. அவங்க எழுதுன ஒரு பேப்பர் படிச்சு, அதுல உங்களுக்கு புரியாத ஒரு எடத்தப் பத்தி ரெண்டு வரி, நீங்க செஞ்ச ஒரு வேலையோட லிங்க், மார்க் ஷீட், அவ்ளோதான்.

டாபிக் யாரு குடுக்கணும்? ப்ரொஃப் குடுத்தா நல்லதா, நானே தேடணுமா?

இந்தப் பக்கத்துல எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஏரியாவ சூப்பர்வைசர் குடுக்கலாம். கேள்வி பிள்ளையோடதா இருக்கணும். ரெண்டாவது வருஷம் நடு ராத்திரில ஸ்கிரிப்ட் உடைஞ்சு கெடக்கும்போது, இது என் கேள்வின்னு இருந்தாத்தான் மறுநாள் எந்திரிச்சு உக்காருவாங்க. அதுக்குன்னு "நீயே போயி தேடு"ன்னு மூணு மாசம் விட்டுடறதும் தப்பு, அது பிள்ளைய நடுத்தெருவுல விடுறது. கூட உக்காந்து கேள்விய வெட்டிக் குடுக்கணும்.

டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு, "ஏஐ வச்சு டெஸ்டிங் பண்ணணும் ப்ரொஃப்"னு சொல்லிச்சு. நான் என்ன டெஸ்டிங்னு கேட்டேன். யோசிச்சு, பார்ட் டைம் வேலை பாத்த எடத்துல டெஸ்ட் ஒரு நாள் பாஸ் ஆகும், ஒரு நாள் ஃபெயில் ஆகும், கோட்ல யாரும் கைய வச்சிருக்க மாட்டாங்க, அதான் கடுப்புன்னு சொல்லிச்சு. அதுக்கு ஃபிளேக்கி டெஸ்ட்னு பேரு இருக்கு, அதப்பத்தி நெறய பேரு எழுதிருக்காங்கன்னு காட்டினேன். ரெண்டு வாரம் படிச்சுட்டு வந்து, "எல்லாரும் எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு எழுதுறாங்க, கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் டெவலப்பர் என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் பேருதான் பாத்திருக்காங்க"ன்னு சொல்லிச்சு. அங்கதான் கேள்வி பொறந்துச்சு. சரி பண்றாங்களா, பாஸ் ஆகுற வரைக்கும் மறுபடி ஓட்டுற ரீட்ரை போட்டு மறைக்கிறாங்களா, டெஸ்ட்டையே தூக்கிடறாங்களா? எங்க பாக்குறது? பைதான்ல எழுதுன ஓப்பன் சோர்ஸ் (கோட்ட யாரு வேணா பாக்கலாம்) ப்ராஜெக்ட்ல, கமிட் ஹிஸ்டரில, அதாவது கோட்ல செஞ்ச ஒவ்வொரு மாத்தமும் பதிவாகுற எடத்துல. மொத வேலை என்ன? ஒரு 50 கமிட்ட எடுத்து கையால படி, ஸ்கிரிப்ட் எதுவும் வேணாம், என்ன நடந்துச்சுன்னு பக்கத்துல உன் வார்த்தையில எழுது.

இந்த கையால படிக்கிற வேலைய யாரும் விரும்ப மாட்டாங்க, ஆனா அதுலதான் எல்லாம் இருக்கு. படிக்கப் படிக்க நாம நெனச்ச மூணு வகை பத்தாதுன்னு தெரியும், கேள்வி மறுபடி மாறும். ஆறு வாரத்துல இந்த நிலைக்கு வந்தா போதும், ஏஐ வேணுமா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்ணலாம்.

வாரா வாரம் மீட்டிங்ல என்ன பேசறது? எனக்கு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாத வாரமும் இருக்கே.

ஒண்ணும் இல்லாத வாரத்துலதான் கண்டிப்பா வரணும். என்கிட்ட வர்ற பிள்ளைங்க மீட்டிங்குக்கு முந்தின நாள் ஒரு பக்கம் எழுதி அனுப்பணும்: போன வாரம் என்ன செஞ்சேன், எங்க மாட்டிக்கிட்டேன், அடுத்த வாரம் என்ன, ப்ரொஃப் சொன்னதுல எனக்கு ஒத்து வராதது ஒண்ணு. கடைசி வரிய காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவேன். அந்தப் பக்கங்கள் எல்லாம் சேந்து வர்றப்போ தீசிஸோட பாதி மெத்தட் சாப்டர் அதுலயே இருக்கும், தேதியோட.

ப்ரொஃப்கிட்ட எதுத்துப் பேசறது மரியாதையா இருக்குமா?

நம்ம வீடுங்கள்ல பெரியவங்க சொன்னா தலையாட்டணும்னு சொல்லித்தான் வளக்குறாங்க, அது நல்ல பழக்கம்தான், கோயில்லயும் கல்யாண வீட்டுலயும் அது அழகு. ரிசர்ச் மீட்டிங்ல அது ஆளையே முடக்கிடும். நான் சொன்னது தப்புன்னு டேட்டா சொல்லுதுன்னா அத மொதல்ல பாக்குறது பிள்ளைதான், ஏன்னா டேட்டாவ தினம் பாக்குறது அவங்கதான். அவங்க வாய மூடிக்கிட்டா தப்பு அப்படியே பேப்பருக்குப் போயிடும், வெளியில இருக்குற ரிவ்யூவர் கண்டுபிடிப்பாரு.

எதுத்துப் பேசறதுக்கும் ஒரு முறை இருக்கு. "நீங்க சொன்னது தப்பு"ன்னு ஆரம்பிக்க வேணாம், "நீங்க இப்படி வரும்னு சொன்னீங்க, ஆனா இந்த 12 கேஸ்ல வேற மாதிரி வருது, பாருங்க"ன்னு லேப்டாப்ப திருப்பி வச்சா போதும். எந்த நல்ல சூப்பர்வைசரும் சந்தோஷப்படுவாங்க.

லெக்சரருங்களுக்கு ஒண்ணு: நீங்க கேள்வி கேட்டுட்டு சும்மா இருக்கப் பழகணும். பிள்ளை யோசிக்கிற அந்த கொஞ்ச நேரத்துல நீங்களே பதில சொல்லிட்டா, அடுத்த தடவ அவங்க யோசிக்கவே மாட்டாங்க, நீங்க சொல்றதுக்காக காத்திருப்பாங்க. இது பழகுறதுக்கு வருஷக்கணக்குல ஆகும், ஆனா இதத்தான் நான் வழிகாட்டுறதுலயே பெரிய வேலைன்னு சொல்லுவேன்.

கிட்ஹப்ல டேட்டா இருக்கே, இறக்கி எடுத்தா போதாதா?

இறக்கலாம், ஆனா என்ன இறக்குறோம்னு தெரியணும். கிட்ஹப்ல பெரும்பாலான ரெப்போ (ஒரு ப்ராஜெக்ட்டோட கோட் இருக்குற எடம்) தனியாள் வச்சிருக்குறது, அசைன்மென்ட், பாதில விட்டது, இத 2014லயே எம்எஸ்ஆர்னு இந்த மாதிரி டேட்டாவ ஆராயுறவங்களோட மாநாட்டுல ஒரு குழு ஆதாரத்தோட காட்டிட்டாங்க. ஸ்டார் (லைக் மாதிரி) எண்ணிக்கைய மட்டும் வச்சு வடிகட்டுனா டுடோரியல் லிஸ்ட்டும் இன்டர்வியூ நோட்ஸும்தான் மேல வந்து நிக்கும். பாட் (தானா ஓடுற ப்ரோகிராம்) போடுற கமிட்ட தனியா பிரிக்கணும். ஒரே ஆளு ரெண்டு மெயில் ஐடில கமிட் பண்ணிருப்பாரு, அத சேக்கணும்.

இன்னொரு நடைமுறை விஷயம், லாகின் டோக்கன் போட்டா கிட்ஹப் ஏபிஐல (ஸ்கிரிப்ட் வழியா டேட்டா கேக்குற வழி) மணிக்கு 5000 ரிக்வெஸ்ட், சர்ச்ல ஒரு தேடலுக்கு 1000 ரிசல்ட்டுக்கு மேல தராது. இது தெரியாம "மொத்தமே 1000 ப்ராஜெக்ட்தான் இருக்கு ப்ரொஃப்"னு வந்து சொல்ற பிள்ளைங்க உண்டு. தேதிய துண்டு துண்டா பிரிச்சு தேடுங்க. இறக்குன தேதிய எழுதி வைங்க, கடைசில டேட்டாவையும் ஸ்கிரிப்ட்டையும் ஜெனோடோல (ஆராய்ச்சி டேட்டாவ சேத்து வைக்கிற வெப்சைட்) போட்டு டிஓஐ (மாறாத அடையாள எண்) வாங்குங்க, அது ஃப்ரீ.

டெவலப்பருங்ககிட்ட நாலு கேள்வி கேக்கத்தானே போறேன், அதுக்கும் எதிக்ஸ் கிளியரன்ஸ் (யுனிவர்சிட்டி எதிக்ஸ் கமிட்டி அனுமதி) வேணுமா?

வேணும். மனுஷங்ககிட்டேர்ந்து எது வாங்குனாலும் வேணும், வாங்குறதுக்கு முன்னாடி வேணும். பின்னாடி போயி கேட்டா தர மாட்டாங்க, எடுத்த இன்டர்வியூ எல்லாம் வீண். இங்க போபியா (தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு) சட்டம் 2021 ஜூலைலேர்ந்து முழுசா அமல்ல இருக்கு, பேரு, மெயில், குரல் ரெக்கார்டிங் எல்லாம் அதுக்குள்ள வரும், எங்க வச்சிருப்பீங்க, எப்ப அழிப்பீங்கன்னு எழுதிக் குடுக்கணும்.

இது வெறும் பேப்பர் வேலைன்னு நெனைக்கிறவங்களுக்கு அமெரிக்காவுல மின்னசோட்டா யுனிவர்சிட்டி கதைய சொல்லுவேன். அந்த யுனிவர்சிட்டி ஆளுங்க லினக்ஸ் கெர்னலுக்கு (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) வேணும்னே ஓட்டை வச்ச பேட்ச்சுங்கள (கோட் திருத்தங்கள) அனுப்பி ரிவ்யூவருங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு சோதிச்சாங்க, யாருகிட்டயும் முன்கூட்டி சொல்லல. 2021 ஏப்ரல்ல கெர்னல பராமரிக்கிறவங்கள்ல ஒருத்தரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்த யுனிவர்சிட்டிலேர்ந்து வர்ற பேட்ச் எதையும் எடுக்க மாட்டோம்னு நிறுத்திட்டாரு, அவங்களும் பேப்பர வாபஸ் வாங்குனாங்க. கேக்காமலே மனுஷங்கள வச்சு சோதனை பண்ணி அவங்க நேரத்த எடுத்துக்கிட்டாங்கன்றதுதான் அங்க கோவம். நீங்க கேள்வி அனுப்பப் போற டெவலப்பரும் அந்த மாதிரி ஒரு மனுஷர்தான்.

சாட்ஜிபிடி உபயோகிக்கலாமா?

இங்கிலீஷ் திருத்த, ஸ்கிரிப்ட்ல பக் தேட, தாராளமா. ஏசிஎம் (கம்ப்யூட்டர் துறையோட பெரிய சர்வதேச சங்கம்) விதிப்படி அத ஆத்தரா போட முடியாது, அது எழுதுனத பேப்பர்ல சேத்தா அத சொல்லணும். ரெஃபரன்ஸ் மட்டும் அத நம்பி போடாதீங்க, இல்லாத பேப்பருக்கெல்லாம் பேரு வச்சுக் குடுக்கும், ஒவ்வொண்ணையும் நீங்களே தொறந்து பாத்திருக்கணும்.

அத விட பெரிய விஷயம், சாட்ஜிபிடி மாதிரி ஏஐ மாடலையே ஆராய்ச்சி பண்றவங்களுக்கு. டிஃபெக்ட்ஸ்ஃபோர்ஜே டேட்டாசெட் 2014லேர்ந்து வெளில இருக்கு, அதுல இருக்குற ஜாவா பக்கும் அதோட ஃபிக்ஸும் மாடல் படிச்ச டேட்டாலயே இருந்திருக்கலாம். அதுல நல்லா மார்க் வாங்குச்சுன்னா மாடல் கண்டுபிடிச்சுதா, ஞாபகத்துலேர்ந்து சொல்லிச்சான்னு பிரிக்க முடியாது. மாடல் படிச்ச டேட்டா முடியுற கட்-ஆஃப் தேதிக்கு அப்புறம் வந்த பக்க எடுங்க. இந்த ஒரு கேள்விய நீங்களே கேட்டுட்டீங்கன்னா பாதி ரிவ்யூவருக்கு முன்னாடி இருக்கீங்க.

எங்க பப்ளிஷ் பண்றது? ரெண்டு வாரத்துல போடறோம்னு ஒரு ஜர்னல்லேர்ந்து மெயில் வந்துச்சு.

அத டிலீட் பண்ணுங்க. இங்க அரசாங்க உயர்கல்வித் துறை அங்கீகரிச்ச எடத்துல வந்தாத்தான் யுனிவர்சிட்டிக்கு மானியம் வரும், அதனால எண்ணிக்கைக்காக எங்கயாவது போடுன்னு அழுத்துற ஆளுங்களும் இருப்பாங்க. அந்தப் பேப்பர் பிள்ளை பேருல காலத்துக்கும் நிக்கும், மானியம் அந்த வருஷத்தோட முடிஞ்சுடும்.

மொத தடவைக்கு சாய்க்சிட்னு தென்னாப்பிரிக்க கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மாநாடு நல்ல எடம், நம்ம நாட்டுலயே நடக்குது, டிக்கெட் செலவு கம்மி, கேள்வி கேக்குறவங்க பக்கத்துல காபி குடிச்சுட்டு நிப்பாங்க. சவுத் ஆஃப்ரிக்கன் கம்ப்யூட்டர் ஜர்னலும் இருக்கு. வேலை நல்லா வந்துச்சுன்னா எம்எஸ்ஆர், ஐசிஎஸ்இ, தயங்காம போடுங்க. வெளிநாட்டு மாநாட்டுக்கு ரேண்ட மாத்துனா கண்ணீர் வரும், சிக்சாஃப்ட்டோட (ஏசிஎம்மோட சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பிரிவு) கேப்ஸ்னு ஸ்டூடன்ட்டுக்கு பயண உதவி இருக்கு, ஸ்டூடன்ட் வாலன்டியரா போறதும் ஒரு வழி.

டெட்லைன்ல ஏஓஇன்னு (உலகத்துல எங்கயாவது அந்தத் தேதி இருக்குற வரைக்கும்) போட்டிருந்தா நமக்கு மறுநாள் மத்தியானம் 1:59 வரைக்கும் டைம் இருக்கு. ஆனா அந்த மத்தியானத்த பிடிஎஃப் செக் பண்ண மட்டும் வச்சுக்கோங்க. டபுள் அனானிமஸ் ரிவ்யூன்னா (எழுதுனவங்களுக்கும் ரிவ்யூவருக்கும் ஒருத்தர் பேரு ஒருத்தருக்கு தெரியாது) அக்னாலெட்ஜ்மென்ட்ட எடுங்க, கிட்ஹப் லிங்க்ல உங்க பேரு தெரியுதான்னு பாருங்க.

ஆத்தர் வரிசைய வேலை ஆரம்பிக்கும்போதே பேசிடுங்க. பிள்ளையோட தீசிஸ்லேர்ந்து வர்ற பேப்பர்ல பிள்ளை பேருதான் மொதல்ல.

ரிஜெக்ட் ஆயிடுச்சு. இனிமே என்ன?

ஐசிஎஸ்இ மாதிரி எடத்துல அனுப்புனதுல சுமாரா நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணுதான் உள்ள போகும், அப்ப ரிஜெக்ட் ஆகுறதுதான் வழக்கம். ரிவ்யூவ ஒரு தடவ படிங்க, மூடி வைங்க, ரெண்டு நாள் கழிச்சு சூப்பர்வைசரோட உக்காந்து படிங்க. "ரிவ்யூவருக்கு புரியல"ன்னு வர்ற எடத்துல முக்கால்வாசி நாம புரியற மாதிரி எழுதல. சூப்பர்வைசருங்க இந்த நேரத்துல காணாம போகக்கூடாது, அக்செப்ட் ஆனப்போ கேக் வாங்குறத விட ரிஜெக்ட் ஆன வாரம் பக்கத்துல இருக்குறது முக்கியம்.

பிள்ளை மெயிலுக்கு பதிலே போட மாட்டேங்குது. என்ன பண்றது? (ஒரு லெக்சரர் கேட்டது)

சோம்பேறித்தனம்னு முடிவு பண்ணிடாதீங்க. நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் வெக்கம்தான். ஒரு வாரம் வேலை நடக்கல, அத சொல்ல வெக்கம், அடுத்த வாரம் ரெண்டு மடங்கு வெக்கம், அப்படியே ஓடி ஒளிஞ்சுடறாங்க. சில வீட்டுல அப்பாவுக்கு வேலை போயிருக்கும், பிள்ளை கால் சென்டர் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டிருக்கும், வெளில சொல்லிருக்காது. "எங்க ரிப்போர்ட்?"னு கேக்காம, "செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு வா, ஒண்ணும் எடுத்துட்டு வர வேணாம், டீ குடிக்கலாம்"னு ரெண்டு வரி வாட்ஸப்ல அனுப்புங்க. வந்ததும் ஒரே ஒரு சின்ன வேலைய, அங்கயே சேந்து முடிக்கிற மாதிரி, குடுங்க. தேவைப்பட்டா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்கு நீங்களே கூட நடந்து போங்க, நம்பர குடுத்து அனுப்பிட்டா போக மாட்டாங்க.

பெரிய மெஷின் இல்ல, கரண்டும் போகுது. இங்கேர்ந்து போட்டி போட முடியுமா?

கேப்டவுன்ல சிஎச்பிசின்னு தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் மையம் இருக்கு, இங்க யுனிவர்சிட்டில ரிசர்ச் பண்றவங்களுக்கு ஃப்ரீ, சூப்பர்வைசர் ப்ராஜெக்ட் பதிவு பண்ணி பிள்ளைய சேக்கணும். 2023 அளவுக்கு இப்ப லோட்ஷெடிங் இல்லன்னாலும், ரன் எல்லாம் செக்பாயின்ட் வச்சே எழுதுங்க, நடுவுல நின்னா விட்ட எடத்துலேர்ந்து தொடங்கணும். ஆனா ஒண்ண மனசுல வைங்க, பெரிய மெஷின் வேணாம்னு சொல்ற கேள்விங்க நம்ம துறையில நெறய இருக்கு. கமிட் படிக்கிறதுக்கும் டெவலப்பரோட பேசறதுக்கும் ஜிபியு வேணாம்.

நான் ஜோபர்க்ல பேங்க்ல டெவலப்பரா இருக்கேன், பிஎச்டி எல்லாம் இல்ல. என்னால இந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது பண்ண முடியுமா?

நெறய முடியும் அண்ணா. பிள்ளைங்களோட சர்வே கேள்விங்கள அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ நிரப்பிப் பாத்து, "இந்தக் கேள்விக்கு எந்த டெவலப்பரும் உண்மைய சொல்ல மாட்டாங்க"ன்னு சொன்னீங்கன்னா அதுவே பெரிய உதவி. உங்க டீம்ல அஞ்சு பேர இன்டர்வியூவுக்கு கேட்டுக் குடுக்கலாம், ஆனா கம்பெனி சம்மதம் எழுத்துல வாங்கணும், உங்களுக்குக் கீழ வேலை பாக்குறவங்கள நீங்களே கூப்பிடக் கூடாது, மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு முடியாது. ஹானர்ஸ் பிள்ளைங்க அக்டோபர்ல ப்ரெசென்டேஷன் ஒத்திகை பாப்பாங்க, ஆன்லைன்ல அர மணி நேரம் உக்காந்து கேட்டு, எங்க கவனம் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மாஸ்டர்ஸ் டிகிரி இருந்தா கோ-சூப்பர்வைசரா யுனிவர்சிட்டில பதிவு பண்ணவும் சில எடத்துல வழி இருக்கு, டிபார்ட்மென்ட் போஸ்ட்கிராஜுவேட் கோஆர்டினேட்டர்கிட்ட பிப்ரவரிக்கு முன்னாடி பேசிப் பாருங்க.